நாற்பது மூச்சு விடியல்

பாளையங்கோட்டையில் அந்நாளில் இருட்டுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. புதன்கிழமை மாலை ஆராதனையில் பிரசங்கம் முடிந்து மௌன ஜெபத்துக்கு வேளை வந்ததும் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை எழுந்து, சுவர் விளக்குகளின் திரியை ஒவ்வொன்றாகத் தணித்துக்கொண்டு வருவார். விளக்குத் தாழத் தாழச் சபையாரின் தலைகளும் தாழும். எண்ணெயை மிச்சம்பிடிக்க ஒரு பழைய மிஷன் துரை ஏற்படுத்திய வழக்கம் என்பார் சிலர். உள்ளொளியைத் தேடப் புறவொளியை அடக்கினார் என்பார் சிலர். எதுவாயினும் அது அந்த ஊரின் எலும்புக்குள் இறங்கிப் படிந்திருந்தது. மறுபடி விளக்கேறிப் பாட்டுத் தொடங்கும் வரை எவர் கண்ணும் திறவாது.

அதே ஊரில் ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் ஒளியையும் இருளையும் ஆண்டவர் ஞானசிகாமணி.

மற்ற நாட்களில் அவர் மிஷன் பாடசாலையின் விஞ்ஞான அறையில் குப்பி கழுவி, அமிலத்தை அளந்து ஊற்றி, தராசுத் தட்டைத் துடைத்து வைக்கும் ஊழியர். கார்த்திகை மழை விழத் தொடங்கியதும் வேறோர் ஆளாகிவிடுவார். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் பாடசாலைப் பிள்ளைகள் நடிக்கும் இடையர் நாடகத்துக்கு விளக்குப் பிடிப்பவர் அவர்தாம். முந்திய துரை சீமையிலிருந்து வரவழைத்த கார்பைட் கல்லைத் தகரப் பீப்பாயில் இட்டு, அதன்மேல் தண்ணீர் சொட்ட விட்டால் பூண்டு நாற்றத்தோடு காஸ் கிளம்பும். அது குழாய் வழியே மண்டபத்துக்குள் வந்து, தேக்குப் பலகையில் வரிசையாகப் பதித்த பன்னிரண்டு பித்தளைத் திருகுகளில் அடங்கி நிற்கும். ஒரு திருகுக்கு ஒரு விளக்கு. சில விளக்குகளுக்கு முன் சிவப்பும் மஞ்சளுமான கண்ணாடி. மேடையின் வலப்புறம் மூங்கில் தட்டிக்குப் பின்னே அந்தத் திருகுப் பலகையின் முன் உட்கார்ந்து, ஆர்மோனியக்காரன் கட்டைகளைத் தொடுவதுபோல் அவர் இரு கையாலும் அவற்றைத் தொடுவார்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு காட்சியில் இருந்தது. இடையர்கள் மலைச்சாரலில் காவல் இருக்கும் இரவு; அதன் பின் வரும் விடியல். முதலில் எல்லா விளக்கையும் கடுகளவுச் சுடராக அடக்கி மண்டபத்தைக் கும்மிருட்டாக்குவார். பிறகு ஒரு திருகை மயிரிழை திறப்பார், பிறகு அடுத்ததை. சரியாக நாற்பது மூச்சு. நாற்பதாவது மூச்சில் மேடை முழுதும் பகலாகும். இடையர் தலைவன் பாட்டெடுப்பான். தட்டிக்குப் பின்னால் இருப்பவருக்குச் சபை தெரியாது. அதன் அமைதி மட்டும் கேட்கும். முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் ஓர் இருமல்கூட எழாத அந்த அமைதியைத் தம் கைத்திறத்துக்குக் கிடைத்த வணக்கமாக ஏழாண்டுகள் நெஞ்சில் ஏந்தியிருந்தார்.

டெல்லியில் ராஜாவுக்கு முடிசூட்டு தர்பார் நடந்த அந்த ஆண்டு, ஆவணியில், கார்பைட் பீப்பாயின் மூடியைத் திறக்கையில் நெருப்பு எழும்பி அவர் வலக்கையைப் பற்றிற்று. தோல் ஆறிவிட்டது. ஆனால் சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்க மறுத்துவிட்டன. அதை அறிந்தவள் அவர் மனைவி சாலோமி ஒருத்திதான். காலைதோறும் அவருடைய குளோஸ் கோட்டுக்குப் பொத்தான் மாட்டிவிடுபவள் அவளல்லவா?

ஆனி மாதம் புதிதாக வந்த துரை கார்த்திகை நடுவில் ஞானசிகாமணியைக் கூப்பிட்டனுப்பினார். நாடகத்தை எழுதிப் பயிற்றும் பாக்கியசீலன் வாத்தியாரும் அங்கே இருந்தார். முன்ஷியிடம் பாடம்கேட்ட தமிழில் துரை மெதுவாகப் பேசினார்.

"ஞானசிகாமணியே, பிள்ளைகள் ஆடும் இடத்தில் காஸ் வைப்பது எனக்கு அச்சமாயிருக்கிறது. பன்னிரண்டு திருகுகள் எதற்கு? இதைப் பாரும்."

அவர் நீட்டிய காகிதத்தில் நீளமான தகரப் பெட்டி ஒன்று. உள்ளே சாதாரண மண்ணெண்ணெய் விளக்குகள். முன்னே ஒரு தகர மறைப்பு. அதைத் தூக்க ஒரே ஒரு கயிறு.

"இதை எவரும் இழுக்கலாம்" என்றார் துரை.

துரைக்கு அது அந்தப் பெட்டியின் மேன்மை. ஞானசிகாமணிக்கோ 'எவரும்' என்ற அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய் ஏறிற்று. எவரும் இழுக்கலாம் என்றால் இவர் எதற்கு?

"விடியல் வராது துரை. மூடியைத் திறந்த மாதிரி சட்டுனு பகல்தான் வரும்" என்றார்.

"எனக்கும் வெளிச்சம் வந்தாப் போதும்னுதான் இருக்கு" என்று பாக்கியசீலன் சிரித்தார். "போன வருசம் உம்ம காஸ் நாத்தத்துல ஏழாம் இடையன் வசனத்துக்குப் பதிலாத் தும்மினானே வே!"

துரை யோசித்தார். "ஒரு முன்னோட்டம் வைப்போம். காஸிலேயே செய்து காட்டும். குறையின்றி நடந்தால் அப்படியே இருக்கட்டும். சிறு பிழை நேர்ந்தாலும் இந்தக் கயிறுதான்."

வலக்கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடியே ஞானசிகாமணி தலையசைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் சாலோமி முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் மறுபக்கம் உடன்குடிக் கருப்பட்டி பாகாகிக் கொதித்தது. ஓட்டின்மேல் மழை அறைந்த அறையில் அந்த மணம் எங்கும் போக வழியின்றி வீட்டுக்குள்ளேயே சுற்றிற்று. அவர் நடந்ததைச் சொன்னார்.

"விரல் மடங்கலன்னு துரைகிட்டச் சொல்லிர வேண்டியதுதானே?" என்றாள்.

"சொன்னா, 'சரி, நீரு போயிக் குப்பி கழுவும்'பாக."

"குப்பி கழுவுததும் வேலைதான்."

"வேலைதாம் ட்டி. ஆனா குப்பி கழுவுதவனுக்காவ மழையில நனைஞ்சுகிட்டு மேலப்பாளையத்துலேருந்தும் முன்னீர்பள்ளத்துலேருந்தும் சனம் வண்டி கட்டிட்டு வருமா?"

"சனம் அதது பிள்ளையளப் பாக்க வருது."

"விடியலப் பாக்க வருது" என்றார் அவர் அழுத்தமாக.

சாலோமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பயற்றைக் கிண்டுவதில் முனைந்தாள்.

"நாலு பயறு கருகிட்டு" என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.

முன்னோட்டம் அடுத்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. மழை விட்டபாடில்லை, தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடுவதாகச் சொன்னார்கள். ஆனாலும் சபை மூப்பர்களும் நடிக்கும் பிள்ளைகளின் தாய்மாரும் வந்து மண்டபத்தில் பாதி நிரம்பிற்று. முன் பெஞ்சியில் உபதேசியார் வேதநாயகம். எழுபது வயதிலும் முதுகு வளையாதவர். பின்சுவரோடு ஒட்டிக் கைகட்டி நின்றார் துரை. பெண்கள் பக்கம் சாலோமி.

இரவுக் காட்சி வந்தது. ஞானசிகாமணி விளக்குகளை அடக்கலானார். ஆறு திருகும் சொன்னபடி கேட்டன. ஏழாவதைப் பைய முடுக்க நினைத்தார்; விறைத்த விரல் ஒரே தள்ளாய்த் தள்ளிற்று. பதறிப் பிடிக்கப்போன இடக்கை, காஸ் முழுதையும் அடைக்கும் மூலத்திருகில் இடித்தது. பன்னிரண்டு சுடரும் ஒருங்கே அவிந்தன. பூண்டு நாற்றம் எழுந்தது.

அவர் திருகுகளையெல்லாம் தடவித் தடவி அடைத்தார். தீப்பெட்டியை எடுத்தார், நமத்துப்போன குச்சி. இடக்கையால் உரசினார், முறிந்தது. இன்னொன்று, அதுவும் முறிந்தது. மேடையில் கும்மிருட்டு. "ஏலே, காலை மிதிக்காத லே" என்று ஓர் இடையன் முணுமுணுப்பதும், "நான் ஆடு லே, நீதாம்ல மிதிக்க" என்று இன்னொருவன் பதில் சொல்வதும் கேட்டன. நாற்பது மூச்சு நூறாயிற்று, நூற்றைம்பதாயிற்று. ஐந்தாவது குச்சி பற்றிற்று; மூலத்திருகைத் திறந்து விளக்குகளுக்குத் திரும்பச் சுடர் வைத்தார். விடியல் செய்ய நேரமில்லை. எல்லாத் திருகையும் ஒரே வீச்சில் திறந்தார். கண்ணைக் குத்தும் பகல் குபீரென்று மேடையில் விழுந்தது. இடையர் தலைவன் பாடத் தொடங்கினான்:

*கங்குல் கழிந்தது, காவல் முடிந்தது;*
*கண்விழி மாந்தரே, காண்கதிர் வந்தது.*

காட்சி முடிந்ததும் தீர்ப்பைக் கேட்கப் போகிறவனைப்போல அவர் தட்டிக்கு வெளியே வந்தார். உபதேசியார் நிறைந்த முகத்தோடு எழுந்து நின்றார்.

"ஆமென்!" என்றார். "ஞானசிகாமணி, இந்த வருசந்தாம் வே நல்லாச் செஞ்சீரு! ஒவ்வொரு வருசமும் நான் சபையாருக்காவ ஜெபிச்சு, ராஜாவுக்காவ ஜெபிக்கத் தொடங்கையில பாட்டு வந்துரும். இன்னைக்குத்தான் ராஜாவுக்கும் ராணிக்கும் சேத்து ஜெபிக்க நேரம் தந்தீரு."

ஞானசிகாமணிக்கு முதலில் விளங்கவில்லை. பிழை எவர் கண்ணிலும் படவில்லை என்று மட்டும் விளங்கிற்று; உடம்பெல்லாம் உயிர் வந்தது. அப்போது பின்சுவரிலிருந்து துரை கேட்டார்:

"விளக்குகள் தணியும்போதே எல்லாரும் ஏன் தலை குனிந்து கண்களை மூடினீர்கள்?"

"விளக்கைத் தணிச்சா ஜெபம், துரை. கோயில்ல அப்படித்தானே பழக்கம்" என்றார் பாக்கியசீலன், இதென்ன கேள்வி என்பதுபோல.

"ஆண்டுதோறுமா?"

"ஆண்டுதோறுந்தான்."

ஞானசிகாமணி மெல்ல அவர் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நீருமா?"

"நான் திரை மறைவுல ஏட்டைப் பிடிச்சுகிட்டு வசனம் எடுத்துக் குடுக்கவன். இருட்டுல எனக்கு எழுத்து எங்க தெரியுது? நானும் ஒரு ஜெபத்தைப் பண்ணிக்கிடுவேன்."

பாட்டுக் கேட்ட பிறகுதான் அவர்கள் கண் திறப்பார்கள். பாட்டோ விடியல் முடிந்த பிறகு. ஆக, ஏழாண்டுகள் நாற்பது மூச்சு எண்ணி எண்ணி அவர் எழுப்பிய விடியலை அந்த மண்டபத்தில் ஒருவரும் கண்டதில்லை. அவர் காதில் விழுந்த அமைதி வேறொருவருக்கு உரிய வணக்கம்.

அன்று இரவு சுடுகஞ்சியும் கருவாட்டுத் துவையலும் அவர் முன் ஆறிக் கிடந்தன.

"நாத்தம் துரைக்குப் பட்டிருக்கும். ஒண்ணும் கேக்கல" என்றார் ஒருமுறை. வெகுநேரம் கழித்து, "எல்லாருமா கண்ணை மூடிட்டிருந்தாக?" என்றார்.

"நான் மூடல" என்றாள் சாலோமி.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முத வருசம் தெரியாமத்தான் திறந்தேன். நம்ம கிரேஸு கைப்பிள்ளை. மடியில கிடந்து சிணுங்குனா. குனிஞ்சு அவளைத் தட்டிட்டு நிமிந்து பாத்தா, மேடைக்குப் பின்னால தொங்குன அந்த மலைச்சீலையில சாம்பல் பூத்தாப்ல ஒரு நெறம். பெறவு புறாக் கழுத்து மாதிரி. பெறவு செவ்வாழைத் தோல் மாதிரி. பெறவு என்னால மூட முடியல."

"ஏழு வருசமுமா?"

"ஏழு வருசமுந்தான். எல்லாரும் ஜெபிக்கையில முழிச்சுப் பாக்கது பாவந்தான். ஒவ்வொரு வருசமும் அதுக்குத் தனியா மன்னிப்புக் கேட்டுக்கிடுவேன். அடுத்த வருசமும் பாப்பேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

சாலோமி கஞ்சிச் சட்டியைத் தள்ளி வைத்தாள். "சொன்னா அத்தனை நேரம் எடுத்துப் பண்ணுவீகளா? ஒருத்தரும் பாக்கலியேன்னு சட்டுனு திருகி விட்டுருவீக. எனக்கு அதைப் பாக்கணும்."

அவர் கஞ்சியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"இருட்டினாத்தானே கண்ணை மூடுதாக?" என்றாள் அவள். "முழுசா இருட்ட விடாதீக. ஒரு விளக்கை விட்டு வையுங்க."

"ராத்திரின்னா இருட்டாத்தானட்டி இருக்கும்?"

"மலையில காவல் கிடக்க இடையனுக்குக் குளிராதா? நெருப்பு மூட்ட மாட்டானா?"

விடிந்ததும் அவர் துரையின் பங்களாவுக்குப் போனார். கோட்டுப் பையிலிருந்து வலக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். மறைத்ததையும் நேற்று நேர்ந்ததையும் ஒளிவின்றிச் சொன்னார். துரை அந்த இரண்டு விரல்களையும் நெடுநேரம் பார்த்தார்.

"நாற்றத்தை நானும் அறிந்தேன். நீரே வந்து சொல்வீர் என்று காத்திருந்தேன்" என்றார். பிறகு தம் காகிதத்தை எடுத்தார். "இதற்கு எவர் கையும் போதும் என்றேன். உம்முடைய இடக்கை போதும் என்று சொல்லியிருக்க வேண்டும்."

"இதுல ஒரு திருத்தம் செய்யலாமா துரை?" என்றார் ஞானசிகாமணி.

வண்ணார்பேட்டையில் தகர வேலை செய்யும் முகம்மது மைதீனின் பட்டறை ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே செந்நீர் நுரைத்து, வேரோடு பெயர்ந்த வாழைகளைச் சுமந்து போய்க்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்துக்கொண்டிருந்தார் மைதீன்.

"வாரும் அண்ணாச்சி. என்னவே இது, பித்தளைத் திருகை விட்டுட்டுத் தகரத்துக்கு எறங்கிட்டீராம்லா?"

"எறங்கல சாயபு. இப்பந்தான் ஏறுதேன்."

ஞானசிகாமணி தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினார். பெட்டிக்குள் வரிசையாக எட்டு விளக்கு. முன்னே நீளவாக்கில் நான்கு கண்ணாடிப் பட்டை: அடியில் சாம்பல் நீலம், அதன்மேல் சிவப்பு, பிறகு மஞ்சள், உச்சியில் வெறுங்கண்ணாடி. எல்லாவற்றையும் மூடி ஒரு தகரப் பலகை. கிணற்றுக் கப்பியில் ஓடும் கயிற்றை இழுத்தால் பலகை அடியிலிருந்து பைய உயரும். ஒவ்வொரு நிறமாக அவிழும். பன்னிரண்டு திருகுகள் செய்ததை ஒரு கயிறு செய்யும்.

"கிறீச்சுனு சத்தம் வரக்கூடாது. தடங்கக்கூடாது. நாப்பது மூச்சுக்கு ஏறணும்."

"தகரத்துக்கு மெழுகு தேச்சா வழுக்கிட்டுப் போவும். இத்தனை பைய ஏன்? சட்டுனு இழுத்தா என்ன?"

ஞானசிகாமணி காரணத்தையும், அதோடு கண்மூடிய கதையையும் சொன்னார். மைதீன் வெட்டுக்கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க பள்ளிவாசல்ல விளக்கைத் தணிச்சா நாங்க செருப்பைத் தேடுவோம் வே! உங்க ஆளுக கண்ணை மூடுதாகளா? ஏழு வருசமா?" சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் தணிந்தது. "நானும் வாரேன் அண்ணாச்சி. நான் முழிச்சுகிட்டே இருப்பேன், அதுக்கு நான் பொறுப்பு."

நாடகத்தன்று மழை விட்டு வானம் வெறித்திருந்தது. மண்டபம் நிரம்பி, சன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. மூங்கில் தட்டிக்குப் பின்னால் திருகுப் பலகை இருந்த இடத்தில் ஒரு கயிற்று நுனி தொங்கிற்று. ஞானசிகாமணி அதை இடக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

இரவுக் காட்சி. பலகையை இறக்கினார். மேடை இருண்டது, ஆனால் நடுவே சுள்ளிகளுக்குள் மறைத்து வைத்த சிறு விளக்கு சிவப்பாய்க் கனன்றது. இடையர்கள் அதைச் சுற்றிக் குளிர்காய்ந்தார்கள்.

தட்டிக்கு அப்பால் அவர் பழகிய அமைதி வரவில்லை. இருமினார்கள். பெஞ்சி முனகிற்று. ஒரு குழந்தை எதையோ கேட்டது; தாய் அதட்டினாள். யாரோ, "என்ன வே, ஜெபம் இல்லியா?" என்று கிசுகிசுத்தார். ஞானசிகாமணி கயிற்றை இறுகப் பற்றினார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று எண்ணியபடியே முதல் மூச்சை எண்ணிக் கயிற்றை இழுத்தார்.

ஐந்து. ஆறு. முழங்கையை முழங்காலில் ஊன்றினார். தகரம் ஓசையின்றி ஏறிற்று. பத்து. பதினொன்று.

"எம்மா! விடியுதும்மா!"

ஒரு பிள்ளையின் குரல். தொடர்ந்து மண்டபத்தின் கோடியிலிருந்து, அடக்க முடியாமல் வெளிப்பட்ட முகம்மது மைதீனின் குரல்: "மாஷா அல்லாஹ்!"

அதற்குப் பின் ஓர் அமைதி வந்தது. முன்னைய அமைதி தலை குனிந்த அமைதி. இது தலை நிமிர்ந்த அமைதி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்குத் தெரியும் என்பதை ஞானசிகாமணி அன்று அறிந்தார். முப்பது. முப்பத்தைந்து. முந்நூறு பேரின் கண்கள் அந்தக் கயிற்றின் மறுமுனையில் கட்டியிருந்ததுபோல் அது கையில் கனத்தது. நாற்பதாவது மூச்சில் பகல் வந்தது. இடையர் தலைவன் பாட மறந்து தானும் மலைச்சீலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். "பாடுலே!" என்று பாக்கியசீலன் சீறிய பிறகுதான் பாட்டு எழுந்தது.

முடிந்ததும் உபதேசியார் தட்டியைச் சுற்றி வந்தார்.

"எழுபது வருசத்துல இன்னைக்குத்தாம் வே நான் ஜெபத்தை மறந்தேன்" என்றார் கடுமையாக. பிறகு அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "காலங்காத்தால ஆத்துக்குப் போவேன். ஆனா சூரியன் வாரதை நின்னு பாத்ததில்ல. நாளைக்கு நின்னு பாக்கணும்."

தெருவில் தண்ணீர் தேங்கிய பள்ளங்களைத் தாண்டித் தாண்டி வீடு திரும்புகையில் ஞானசிகாமணி நெடுநேரம் பொறுத்தார். தூங்கிவிட்ட கிரேஸைத் தோளில் சுமந்து சாலோமி முன்னே நடந்தாள். வீட்டுப் படியேறி அரிக்கன் விளக்கைத் தரையில் வைத்த பிறகுதான் கேட்டார்:

"எப்படியிருந்துச்சு? அந்தச் செவ்வாழை நெறம் வந்துச்சா?"

சாலோமி பிள்ளையைப் பாயில் கிடத்திப் போர்த்திவிட்டு வந்து, அவர் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"நான் பாக்கல" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"நீங்க கயித்தைத் தொட்டதும் கண்ணை மூடிட்டேன். உங்க கை வழுக்கிரக் கூடாதுன்னு ஜெபிச்சுகிட்டே கிடந்தேன். பாட்டு வந்த பெறவுதான் திறந்தேன்."

கடைசிப் பொத்தான் கழன்றது. ஏழாண்டுகள் ஊரே மூடியிருக்கத் தான் ஒருத்தியாய் விழித்திருந்தவள், ஊரே விழித்த அன்று தான் ஒருத்தியாய் மூடியிருந்தாள்.

ஞானசிகாமணி சுவரில் சாய்த்து வைத்திருந்த சுளகை எடுத்தார். முந்திரிக்கொத்துக்குப் புடைத்த பயற்றுப்பொடி இன்னும் அதில் ஒட்டியிருந்தது. அரிக்கன் விளக்குக்கு முன்னே அதை நிறுத்தினார். வீடு இருண்டது. அடுப்பில் மட்டும் ஒரு கங்கு சிவந்து கிடந்தது.

"இங்கன உக்காரு" என்றார்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். அவர் இடக்கையால் சுளகைப் பைய, மிகப் பைய உயர்த்தினார். ஒளி முதலில் தரையில் கோடாய் விழுந்தது. அவள் பாதத்தில் ஏறிற்று. மடியில் கிடந்த, நெருப்பில் காய்ந்த கைகளில் ஏறிற்று. அவர் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பதாவது மூச்சில் அது அவள் முகத்தைத் தொட்டது. அவள் கண்களில் நீர் கட்டி நின்றது.

நாற்பது மூச்சும் முடியும் வரை அவள் இமைக்கவில்லை.